வண்டிக்கு அடியில் ஏழு கொக்கிகள்

என் தம்பியின் வண்டிக் கதவு சாத்தப்படும் சத்தம் எனக்கு மனப்பாடம். மற்ற வண்டிக் கதவுகள்போல் அது படார் என்று அடிக்காது. நன்றாக இழைத்துப் பொருத்திய அலமாரிக் கதவு கடைசி நூலளவில் தானாகப் போய் உட்காருமே, அப்படி ஒரு ‘தப்’. காலை ஏழரை மணிக்கு நான்கு முறை கேட்கும். நான்கு கதவு, நான்கு ஆள். நான்காவது கேட்கும்வரை என் கையிலிருக்கும் இழைப்புளி நகராது. கேட்ட பிறகு தேவைக்கு மேல் அழுத்தி இழைப்பேன்.

அவன் பட்டறை இதே தெருவில், எதிர்ச்சாரியில், மூன்று கட்டடம் தள்ளி. இரண்டு வருடம் முன்புவரை இரண்டும் ஒரே பட்டறையாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, “தனியா செஞ்சு பாக்கறேண்ணே” என்றான். “சரி” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. சண்டை போட்டிருந்தால் எப்போதாவது சமாதானம் ஆகியிருக்கலாம். நாங்கள் போடாத சண்டையை முடித்துவைக்க யாராலும் முடியவில்லை.

சேர்ந்திருந்த நாட்களில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மரம் வந்து இறங்கியதும் ஒவ்வொரு பலகையையும் இருவரும் தனித்தனியாகப் பார்ப்போம். சரியாக இருந்தால் மஞ்சள் மெழுகுக்கட்டியால் நான் ஒரு முக்கோணம் போடுவேன், அவன் ஒரு தூண்டில் கொக்கி போடுவான். உள்ளே புழுவோ வெடிப்போ இருக்கிறது என்று பட்டால் குறிக்குக் குறுக்கே ஒரு கோடு. இரண்டு குறியும் விழாத பலகையை அறுக்கக் கூடாது. அவன் போன பிறகு நான் மட்டும் முக்கோணம் போட்டு அறுக்கிறேன். பலகையில் பாதி இடம் காலியாகவே இருப்பதுபோல் இருக்கும்.

அவனுக்கு அந்தக் கட்டி கையை விட்டுப் போகாது. காதில் செருகியிருப்பான், இல்லையென்றால் சட்டைப் பையில். சாப்பாட்டு மேசை ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு அதன் காலில் கொக்கி போட்டவன். என் மகள் பிறந்தபோது தொட்டிலின் அடியில் போட்டான். அது இன்னும் இருக்கிறது.

வண்டி வாங்கும் பேச்சைத் தொடங்கியவர் காண்ட்ராக்டர். நான்கு மாடியில் இரண்டு கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டிலும் எல்லாக் கதவும் அலமாரியும் மர வேலை. முதல் கட்டடத்தைத் தம்பிக்குக் கொடுத்தாயிற்று. இரண்டாவதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்.

“பெரியவரே, மறைச்சுப் பேசத் தெரியாது எனக்கு. வேலை உங்க வேலைதான் சுத்தம். ஆனா உங்க ஆளுங்க பஸ்ஸுல ஒம்பதரைக்கு வராங்க. கதவு வாடகை வண்டியில பதினோரு மணிக்கு வருது. அதுவரைக்கும் இவங்க உக்காந்து ஊர்க்கதை பேசறாங்க. ஆளும் கதவும் ஒண்ணா எட்டு மணிக்கு வந்து நிக்கணும். வர்ற திங்கக்கிழமை அப்படி நின்னா ரெண்டாவது கட்டடம் உங்களுது.”

“நிக்கலைன்னா?”

“சின்னவரே ரெண்டையும் பாத்துக்கட்டும்.”

சின்னவரே. அந்த ஒரு சொல்லை வீடுவரை சுமந்துகொண்டு வந்தேன். அன்று புதன்கிழமை.

எனக்கு வேண்டியது டபுள் கேபின். முன்னால் நான்கு கதவோடு ஐந்து பேர் உட்காரும் கூண்டு, பின்னால் திறந்த தொட்டி. என்னிடம் மூன்று ஆட்கள். கதவு ஏழடி, தொட்டி ஐந்தடிதான் இருக்கும். தொட்டியின் பின்தடுப்பைக் கீழே மடக்கிப் போட்டால் கதவு அரையடிதான் வெளியே நீட்டும், சிவப்புத் துணி கட்டிக்கொள்ளலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். அளப்பதற்கு உட்பட்ட எதுவும் எனக்குத் தெரியும். என்ஜின் தெரியாது. கையில் இருந்த பணம் ஒரு நடுத்தர வயது வண்டிக்குத்தான் காணும். அந்த வயதில் வண்டிகள் எதை மறைக்கும் என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களில் வண்டி பார்க்கத் தெரிந்தவன் ஒருவன்தான். தெருவில் போகும் லாரியின் சத்தத்தைக் கேட்டே அதற்கு எங்கே வலி என்று பத்து வயதில் சொன்னவன். அவன் எதிர்ச்சாரியில் இருந்தான்.

“சின்னவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமே” என்றாள் என் மனைவி.

நான் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். எங்கள் வீட்டில் பல விஷயங்கள் இப்படித்தான் முடிவாகும்.

வியாழக்கிழமை வண்டிச் சந்தைக்குப் போனேன். என் ஆட்களில் ஒருவனை எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவோம், அவ்வளவு உயரம். பின்சீட்டில் அவன் உட்கார முடிந்தால் உலகத்தில் யாரும் உட்காரலாம் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அளவுகோல் மாதிரி.

அங்கேதான் அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்தேன். தம்பி வைத்திருக்கும் அதே கம்பெனி, அதே வகை. ஆனால் அவனுடையதைவிட இரண்டு வருடம் புதியது, ஒரு படி மேலான ரகம். அவன் வண்டியில் இல்லாத கறுப்புக் கம்பிகள் தொட்டியின் இரு பக்கமும் ஓடின. கதவைச் சாத்திப் பார்த்தேன். அதே ‘தப்’. திரும்பத் திறந்து திரும்பச் சாத்தினேன்.

“சார், கதவுல என்ன இருக்கு, உள்ள உக்காந்து பாருங்க” என்றான் புரோக்கர்.

ஒட்டகம் பின்னால் ஏறினான். காலை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்தான். “அண்ணே, என் முட்டி என் காதுல ரகசியம் சொல்லுது” என்றான்.

“பழகிடும்டா.”

“யாருக்கு, முட்டிக்கா?”

நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு என் வாசலில் நான்கு ‘தப்’ கேட்பதையும், எதிர்ச்சாரியில் ஒரு இழைப்புளி நின்றுபோவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அளவு நாடா என் இடுப்பிலேயே இருந்தது. எதையும் அளக்கவில்லை. குனிந்து அடியில் பார்க்கவும் இல்லை. வாழ்நாளில் ஒரு பலகையைக்கூட நான் திருப்பிப் பார்க்காமல் வாங்கியதில்லை. விலை என் கைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி, “அந்த ஆணிக் கடைக்காரர் சொன்ன வண்டி?” என்று கேட்டாள். மாட்டு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் தன் பழைய வெள்ளை டபுள் கேபினை விற்பதாக அவர் விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு அலமாரி மேல் கிடந்தது. “பாத்துட்டு முடிவு பண்ணுங்களேன். பாக்கறதுக்கு என்ன?” என்றாள்.

மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்பா, நம்ம வண்டியில சன்னல் தானா எறங்குமா? சித்தப்பா வண்டியில பட்டனத் தொட்டாப் போதும்.”

“எறங்கும்” என்றேன். மழை நாட்களில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது சித்தப்பா வண்டிதான். ஒருமுறை அந்த வண்டிக்குள் பின்பார்வைக் கண்ணாடியில் அவளுடைய நீல ரிப்பன் தொங்குவதைப் பார்த்தேன். மறந்து விட்டுவிட்டாளாம். அவன் பத்திரமாகக் கட்டி வைத்திருந்தான். அதைக் கேட்டு வாங்கவும் முடியவில்லை, அங்கே ஆடட்டும் என்று விடவும் முடியவில்லை.

சனிக்கிழமை காலை வெள்ளை வண்டியைப் பார்க்கப் போனது, பார்த்தாயிற்று என்று சொல்வதற்காகத்தான். டாக்டரம்மா ரப்பர் பூட்சோடு வந்து கதவைத் திறந்தார். பதினோரு வருட வண்டி. வெள்ளை, வெள்ளையாக இல்லை. தொட்டியில் கன்றுக்குட்டிகளின் குளம்புக் கீறல். உள்ளே மருந்து வாசனை. சன்னலைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். கதவைச் சாத்தினேன். ‘டமார்’. பாதிதான் பூட்டியிருந்தது. திரும்ப அடித்துச் சாத்த வேண்டியிருந்தது.

“அது அப்படித்தான், கொஞ்சம் கோவமா சாத்தணும். ஆனா வழியில ஒரு நாள் என்னை நிறுத்தினதில்ல” என்றார் டாக்டரம்மா. எந்த மாதம் எந்த எண்ணெய் மாற்றினார், எந்தப் பெல்ட் மாற்றினார் என்று ஒரு நோட்டு வைத்திருந்தார். மாடுகளுக்கு எழுதுவதுபோலவே வண்டிக்கும் எழுதியிருந்தார்.

ஒட்டகம் பின்சீட்டில் ஏறிக் காலை நீட்டினான். “அண்ணே, இங்க நான் குடும்பமே நடத்தலாம்” என்றான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குறட்டை கேட்டது.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். துரு இருக்கும் என்று எண்ணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

காய்ந்த சேறு, எண்ணெய்ப் பிசுக்கு, அதற்கு மேல் சேஸியின் நீளமான இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தில், என் கண்ணுக்கு ஒரு முழ தூரத்தில், மஞ்சளாக ஒரு தூண்டில் கொக்கி இருந்தது.

நான் அப்படியே கிடந்தேன். பிறகு தலையைத் திருப்பினேன். எதிர்ச் சட்டத்தில் இன்னொன்று. கூண்டு உட்காரும் இடத்தில் ஒன்று. கியர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. ஒவ்வொன்றாக எண்ணினேன். மொத்தம் ஏழு. இடது பின்சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டைக்கு மேலே இருந்ததற்கு மட்டும் குறுக்கே ஒரு கோடு.

வெளியே வந்தபோது டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். “பின்னாடி ஸ்பிரிங்குல ரப்பர் புஷ் தேஞ்சிருக்கு, தெரியும். நேத்து வந்தவரும் அதைத்தான் சொன்னாரு.”

“யாரு வந்தது?”

“பேர் சொல்லல. ஒரு மணி நேரம் அடியிலயே கெடந்தாரு. வாங்கறீங்களான்னு கேட்டேன். எனக்கில்ல, வாங்கறவர் வருவாரு, அந்தப் புஷ்ஷுக்காக வெலையக் கொஞ்சம் கொறைங்கன்னுட்டுப் போயிட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

ஒட்டகத்தைத் தட்டி எழுப்பினேன்.

நேராக வீட்டுக்குப் போனேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றேன். நான் எதற்காக நிற்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஆமா, கேட்டேன்” என்றாள். “ரெண்டு எடத்தையும் சொல்லிப் பாத்துட்டு வரச் சொன்னேன். நீங்க கேக்க மாட்டீங்க. திங்கக்கிழமை வந்துடும். நான் என்ன பண்ணட்டும்?”

“அவன் பாத்துட்டு வந்து என்ன சொன்னான்?”

“வெள்ளைய வாங்கட்டும்னாரு. சிவப்பு வேணவே வேணாம்னாரு. ஆனா நான் பாத்தேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணின்னாரு.”

“ஏன்?”

அவள் ஒரு சட்டையின் கையை இரண்டு முறை மடித்தாள். “சொன்னா வாங்க மாட்டாருன்னாரு.”

மரத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே எங்கே ஓட்டை என்று சொல்வதுபோல் சொல்லியிருக்கிறான். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே என்னைப் பார்த்துவிட்டான். நான் அவனைப் பற்றி இவ்வளவு சரியாக ஒரு வாக்கியம் சொல்ல முடியுமா என்று யோசித்தேன். முடியவில்லை. இரண்டு வருடமாக அவன் வண்டிக் கதவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

“எந்த வண்டிக்குப் போறீங்க?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

சிவப்பு வண்டிக்குத்தான் போனேன். வேண்டவே வேண்டாம் என்று அவன் சொன்ன பிறகு அதைத் தவிர வேறு எதையும் வாங்குவது அவன் வாங்கிக் கொடுத்ததை வாங்குவதாகும் என்று தோன்றியது. புரோக்கர் தேநீர் வாங்கிவரச் சொன்னான். காகிதங்களை மேசையில் பரப்பினான். கையெழுத்துப் போடப் பேனாவைக் கையில் எடுத்தேன். எடுத்த கையைப் பார்த்தேன். முப்பது வருடம் பலகையைத் திருப்பிப் பார்த்த கை.

“ஒரு நிமிஷம்” என்றேன்.

“அடியில எல்லாம் புதுப் பெயின்ட் சார், சட்டை அழுக்காயிடும்” என்றான். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

புதுக் கறுப்புப் பெயின்ட்தான். பளபளவென்று, ஒரு துளி சேறு இல்லாமல். அந்தக் கறுப்பின் மேல் மூன்று மஞ்சள் கொக்கிகள், மூன்றுக்கும் குறுக்குக் கோடு. கோடு போட்ட இடத்தை விரலால் தடவினேன். பெயின்டுக்கு அடியில் இரும்பு திட்டுத் திட்டாகப் புடைத்திருந்தது. எங்கோ மோதி இரண்டாக உடைந்த சேஸியைப் பற்றவைத்து மூடியிருந்தார்கள். வெடித்த பலகையில் பசையும் மரத்தூளும் அப்பி, மேலே வார்னிஷ் அடிப்பார்களே, அந்த வேலை. என் தொழிலில் இதைச் செய்தவனை நான் பட்டறைக்குள் விட்டிருக்க மாட்டேன்.

என் மகள் பின்சீட்டில் உட்கார்ந்து சன்னல் பட்டனை அழுத்துவது நினைவுக்கு வந்தது. மூன்று ஆட்கள், பின்னால் எட்டுக் கதவு, ஒரு பள்ளம்.

எழுந்து, தேநீரைக் குடிக்காமல், வந்துவிட்டேன். தம்பி சொன்னது சரி என்பதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உயிரைக் காப்பாற்றியதற்குக்கூட ஒருவன் மேல் எரிச்சல் வருமா என்றால், வரும்.

சாயங்காலம் டாக்டரம்மாவிடமிருந்து வெள்ளை வண்டியை வாங்கினேன். நேற்று வந்தவர் சொன்னாரே என்று விலையை அவராகவே குறைத்தார். நான் வாய் திறக்கவே இல்லை. அங்கேயும் அவனே எனக்காகப் பேசியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக்கிடம் விட்டுப் புஷ் மாற்றினேன். மத்தியானம் பட்டறை வாசலில் நிறுத்தி, மண்ணெண்ணெயும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு அடியில் போனேன். மெழுகுக்கட்டி லேசில் போகாது. ஒவ்வொரு கொக்கியாகத் தேய்த்துத் துடைத்தேன். ஏழாவதைத் துடைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. சட்டைப் பையில் என் கட்டியும் இருந்தது. பக்கத்தில் ஒரு முக்கோணம் போட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதையும் சேர்த்துத் துடைத்தேன். இந்த வண்டியை நான்தான் பார்த்தேன், நான்தான் வாங்கினேன். யார் கேட்டாலும் அதுதான் பதில்.

மகள் சன்னலைச் சுற்றி இறக்கினாள், ஏற்றினாள். “அப்பா, இது நல்லா இருக்கு. இதுல எவ்வளவு வேணும்னு நம்மளே நிறுத்திக்கலாம்” என்றாள். அவள் எனக்காகச் சொன்னாளா என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கட்டட வாசலில் நின்றோம். தொட்டியில் எட்டுக் கதவு படுத்திருந்தது, அரையடி வெளியே, சிவப்புத் துணியோடு. பின்சீட்டிலிருந்து ஒட்டகம் சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கினான். நான்கு கதவும் நான்கு விதமாக அடித்துச் சாத்தின. காண்ட்ராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். “மேல் மாடியிலேர்ந்து ஆரம்பிங்க பெரியவரே” என்றார்.

அவ்வளவுதான். இரண்டாவது கட்டடம் என்னுடையது.

தம்பி முதல் கட்டடத்திலிருந்து இறங்கி வந்தான். காதில் மஞ்சள் கட்டி. “வண்டி வாங்கிட்டியாண்ணே!” என்றான். புதிதாகப் பார்ப்பவன்போல ஆச்சரியப்பட்டான். நடிக்கத் தெரியாதவன், எனக்காகக் கற்றுக்கொண்டு வந்திருந்தான்.

“ம்.”

“நீயே பாத்தியா?”

“நானேதான்.”

“அடியில?”

“அடியிலயும்.”

அவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினான். ஒரு கையைத் தரையில் ஊன்றித் தலையைச் சாய்த்து அடியில் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருடச் சேறும் பிசுக்கும் அப்பிய அந்த இரும்பில் நான் ஏழு இடத்தை மட்டும் பளிச்சென்று துடைத்து வைத்திருக்கிறேன். பழைய மேசையில் ஒரு கறையைத் தேய்த்தால் தேய்த்த இடம்தான் முதலில் கண்ணில் படும் என்று ஆட்களுக்கு நூறு முறை சொன்னவன் நான். கொக்கி இருந்திருந்தால் நான் கவனிக்கவில்லை என்றாவது அவன் நினைத்திருக்கலாம்.

அவன் குந்தியபடியே இருந்தான். உள்ளே கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். இயந்திரம் நின்றது.

தம்பி எழுந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினான். என் முகத்தைப் பார்க்காமல், “சுத்தமா இருக்குண்ணே” என்றான். முதல் கட்டடத்துக்குள் போய்விட்டான்.

நான்காவது மாடியில் முதல் கதவை நிலையில் சார்த்திவிட்டு சன்னல் பக்கம் போனேன். கீழே அவன் திரும்ப வந்திருந்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வெள்ளை வண்டியின் இடது பின்மூலையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்பின் பாரத்தோடு ஒரு அழுத்து அழுத்தி விட்டான். வண்டி தாழ்ந்து, முனகாமல் எழுந்து நின்றது. புதுப் புஷ். அவன் தனக்குள் ஒரு முறை தலையாட்டிக்கொண்டான். காதிலிருந்த கட்டியை எடுத்தான். கொஞ்ச நேரம் விரலில் உருட்டிக்கொண்டு நின்றான். திரும்பக் காதிலேயே செருகிக்கொண்டு போனான்.

“அண்ணே, கதவு அடியில உரசுது” என்று ஒட்டகம் கூப்பிட்டான்.

போய் இழைப்புளியை எடுத்தேன். ஒரு நூல் கனம் இழைத்து எடுத்தால் போதும் என்று தெரியும். மூன்று நூல் எடுத்துவிட்டேன்.